ஒரு தாளுக்கு இருநூறு யென்

ஜப்பானிய அனிமேஷன் கூடங்களில் புதிதாகச் சேர்கிற ஓவியருக்குக் கிடைக்கும் முதல் வேலைக்கு ‘டோகா’ என்று பெயர். ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைந்து கொடுப்பார், அவை ‘கெங்கா’. இரண்டு கெங்காக்களுக்கு நடுவே வரவேண்டிய படங்களை வரைவதுதான் டோகா. அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையில், மூன்று துளையிட்ட தாள்களை முளைகளில் மாட்டி, மேலே வெற்றுத்தாளை வைக்க வேண்டும். விரலிடுக்கில் தாள்களைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, அசைவு தடுக்காமல் ஓடுகிறது என்று உறுதியான பிறகு, பிசிறில்லாத பென்சில் கோட்டில் முடிக்க வேண்டும். கூலி தாள் கணக்குதான். தொலைக்காட்சித் தொடர்களில் நெடுங்காலமாக ஒரு தாளுக்கு ஏறத்தாழ 200 யென்தான் இருந்தது. வெறும் முகம் இருந்தாலும், கவசமும் காற்றில் பறக்கும் முடியும் இருந்தாலும் பெரும்பாலும் ஒரே விலை. மாதம் 500 தாள் வரைந்தால் ஒரு லட்சம் யென் வரும். ஜப்பான் அனிமேஷன் படைப்பாளிகள் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வில் டோகா வரைபவர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். அதே ஆய்வில் தொழிலில் உள்ளோரின் சராசரி உழைப்பு மாதத்துக்கு 262 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் என்ற சட்ட அளவைக் கழித்தால் மிச்சம் எண்பதைத் தாண்டும். தொடர்ந்து மாதம் 80 மணி நேரக் கூடுதல் வேலை என்பதுதான் மிகை உழைப்பால் நேரும் சாவை, ஜப்பானியர் சொல்லும் ‘கரோஷி’யை, மதிப்பிட அந்நாட்டு அரசு வைத்திருக்கும் அபாயக் கோடு. ஒரு தொழிலின் சராசரியே அன்று அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றது.

இதைக் கேட்டதும் பலர் சொல்லும் விளக்கம், ஜப்பானியர் அப்படித்தான், வேலையே அவர்களுக்கு வழிபாடு என்பது. இந்த விளக்கம் ஒரு சமூகத்தைப் புகழ்வதுபோல் தோன்றினாலும், அதன் துன்பத்தை இயற்கை ஆக்கிவிடுகிறது. அனிமேஷன் தொழிலின் வரலாறு வேறு கதை சொல்கிறது. இந்த உழைப்புமுறை பண்பாட்டிலிருந்து முளைத்ததன்று. யார், எந்த ஆண்டில், என்ன விலைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்ற கணக்கிலிருந்து பிறந்தது. கணக்கில் பிறந்ததைக் கணக்கில் திருத்தவும் முடியும்.

தொழிலின் தொடக்கம் இன்றைய நிலைக்கு நேர் எதிரானது. 1956இல் தோன்றிய டோயி டோகா நிறுவனத்தின் கூடம் டோக்கியோவின் ஓயிசுமியில் அமைந்தது. 1958இல் ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அனிமேஷன் படமான ‘ஹகுஜாதென்’னை அந்நிறுவனம் உருவாக்கியது. அங்கே ஓவியர்கள் மாதச் சம்பளக்காரர்கள். புதியவர்களுக்கு நிறுவனமே பயிற்சி அளித்தது. ஆனாலும் சம்பளம் குறைவு, வேலை கடுமை. அதை அவர்கள் விதி என்று ஏற்கவில்லை. 1961இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். பின்னாளில் ஜிப்லி கூடத்தை நிறுவிய இயக்குநர்களான இசாவோ தகாஹாதாவும், 1963இல் டோயியில் சேர்ந்த ஹயாவோ மியாசாகியும் அந்தச் சங்கத்தின் பொறுப்புகளில் இருந்தவர்கள். சங்கத் தோழர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘ஹோருஸ்’ 1968இல் வெளிவந்தது. ஜப்பானிய அனிமேஷனின் திருப்புமுனைகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. உரிமை கேட்டவர்களே உயர்ந்த கலையையும் செய்தார்கள். மிகை உழைப்பு ஜப்பானிய இரத்தத்தில் ஊறியது என்றால், அதே இரத்தம் ஓடிய இவர்கள் ஏன் சங்கம் கட்டினார்கள்?

திருப்பம் 1963 ஜனவரி 1 அன்று வந்தது. மங்கா மேதை ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் ‘டெட்சுவான் அடோமு’ (ஆஸ்ட்ரோ பாய்) தொடரை, வாரம் ஓர் அரைமணி நேரமாக, ஒளிபரப்பத் தொடங்கிய நாள் அது. தெசுகா ஓர் அத்தியாயத்தைத் தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை. எவ்வளவு குறைவு என்பதில்தான் விவாதம். மிச்சத்தைப் பொம்மை, மிட்டாய் போன்றவற்றில் பாத்திரத்தின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமத்திலும் வெளிநாட்டு விற்பனையிலும் ஈட்டலாம் என்பது அவர் திட்டம். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டகத்துக்கு நிறுத்துவது, அசையாத படத்தின்மேல் கேமராவை நகர்த்துவது, வரைந்ததைச் சேமித்து வைத்து மீண்டும் எடுப்பது என்று சிக்கன உத்திகள் பிறந்தன. அந்த உத்திகளிலிருந்தே அனிமேயின் தனித்த அழகும் பிறந்தது. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் உரிமம் வைத்திருந்த தெசுகாவுக்கு நட்டத்தை ஈடுசெய்ய ஒரு வழியாவது இருந்தது. அந்த விலையையே தொலைக்காட்சி நிறுவனங்கள் பின்வந்தவர்களிடமும் எதிர்பார்த்தன. உரிமம் இல்லாத கூடங்களுக்கு ஈடுசெய்ய மிஞ்சியது ஊழியர்களின் தூக்கம் மட்டுமே.

அடுத்த பத்தாண்டில் விலையின் சுமை வேலை ஒப்பந்தத்தின் மேல் இறங்கியது. டோயி சம்பளக்காரர்களைக் குறைத்து ஒப்பந்த ஓவியர்களைக் கூட்டியது; 1972இல் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டம் கதவடைப்பில் போய் முடிந்தது. 1973இல் முஷி புரொடக்‌ஷன் திவாலானது. அதற்குச் சற்று முன்பே அங்கிருந்து விலகிய திறமைகள் மேட்ஹவுஸ், பின்னாளில் சன்ரைஸ் என்று அறியப்பட்ட கூடம் எனச் சிறு சிறு அமைப்புகளாக எழுந்தன. நிரந்தர ஊழியர் என்பவர் தாள் கணக்குக் கூலிக்காரர் ஆனார். சொல்லுக்கு அவர் சுதந்திரத் தொழிலர். அதனால் தொழிலாளர் சட்டத்தின் நேர வரம்பு அவரைக் காப்பதில்லை. டோகா வேலையில் பெரும்பகுதி கொரியா, பிலிப்பைன்ஸ், சீனா என்று கடல் தாண்டியது. தொண்ணூறுகளில் ‘தயாரிப்புக் குழு’ முறை வலுப்பெற்றது. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் ஆகியவை பணம் போட்டு உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளும். படத்தைச் செய்யும் கூடத்துக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிய தொகை மட்டும். நட்டத்தைப் பலர் பகிர்ந்ததால் துணிச்சலான படைப்புகள் வந்தன என்பது உண்மை. ஆனால் 2023இல் 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டிய அனிமே சந்தையில், உள்நாட்டைவிட வெளிநாட்டு வருவாய் மிஞ்சிய அந்த ஆண்டிலும், மேசை விளக்கின் முன் அமர்ந்தவரின் தாள் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை.

விரும்பித்தானே வருகிறார்கள் என்பது ஒரு மறுப்பு. விருப்பம் இருக்கிறது, அதுவே அவர்களின் பெருமை. ஆனால் ஆர்வத்தைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கெழுதும்போது அது சுரண்டலின் கருவியாகிறது. தாய்க்குப் பிள்ளைமேல் பாசம் இருப்பதால் அவள் பட்டினி கிடக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. கூலியை உயர்த்தினால் தொழில் நாட்டை விட்டே போய்விடும் என்பது இன்னொரு மறுப்பு. கூலி உயராமலேயே வேலை போய்விட்டது என்பதுதான் நடந்த வரலாறு. போனது வேலை மட்டுமன்று, பள்ளிக்கூடமும்தான். டோகாவில் ஆயிரக்கணக்கான தாள் புரட்டித்தான் ஒருவர் கெங்கா வரையும் கை பெறுகிறார். அந்த முதல் படியில் வாழமுடியாமல் இளைஞர்கள் விலகுவதால்தான், வேலை குவிந்து கிடந்தும் தேர்ந்த கைகள் இல்லை என்ற முரண்பாடு இன்று.

இயந்திரம் காப்பாற்றும் என்று நம்புவோரும் உண்டு. இடைப்படங்களைக் கணினியே வரைந்துவிட்டால் நேரம் மிஞ்சும் அல்லவா? முன்பும் ஒருமுறை மிஞ்சியது. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து செல்லுலாய்டில் வண்ணம் பூசும் வேலை கணினிக்கு மாறியது. மிஞ்சிய நேரம் ஓவியரின் ஓய்வாகவில்லை. கூடுதல் தொடர்களாகவும், காட்சிக்குக் காட்சி ஏறிய நுணுக்கமாகவும் ஆனது. 2010களின் நடுவிலிருந்து ஆண்டுக்கு முந்நூறு தொடர்களுக்கு மேல் வெளிவந்தன. மிஞ்சும் நேரம் யாருடையது என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது, கருவி அல்ல.

வேறு வழி இருந்ததற்கும் சான்று உண்டு. ‘கிகி’ படம் 1989இல் முடிந்தபின் ஜிப்லி கூடம் ஓவியர்களை நிரந்தர ஊழியராக்கி, ஊதியத்தை இரட்டிப்பாக்கும் இலக்கோடு புறப்பட்டது. அந்தச் செலவு கனத்து 2014இல் தயாரிப்புப் பிரிவைக் கலைக்க நேர்ந்தது என்பதைச் சிலர் தோல்வி என்பார்கள். கால் நூற்றாண்டு உலகம் கொண்டாடிய படங்களை அந்த முறை தந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உஜி நகரில் 1981இல் வண்ணம் பூசும் சிறு கூடமாகத் தொடங்கிய கியோட்டோ அனிமேஷன், சம்பள ஊழியர்களையும் சொந்தப் பயிற்சிப் பள்ளியையும் நம்பி வளர்ந்தது. 2019இல் அதன் கூடம் ஒன்றில் நடந்த தீவைப்பில் 36 பேர் மாண்டபோது, இந்தக் கலையின் செல்வம் உரிமப் பத்திரங்களில் இல்லை, மனிதர்களின் கைகளில் இருந்தது என்பதை உலகமே துயரத்தோடு உணர்ந்தது.

2024இல் ஐ.நா. மனித உரிமைப் பணிக்குழு இத்தொழிலின் நீண்ட வேலைநேரத்தையும் நியாயமற்ற ஒப்பந்தங்களையும் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில், வேலையின் விதிகளை எழுத்தில் தரவும் 60 நாளுக்குள் பணம் கொடுக்கவும் கட்டாயப்படுத்தும் சுதந்திரத் தொழிலர் சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தும் காலக்கெடுவும் தேவைதான். ஆனால் தாளின் விலையும் உரிமையின் பங்கும் மாறாத வரை நீண்ட வேலைநேரத்தின் சுமை தீராது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரத்தில் குறைந்த அந்த விலையை இன்னொரு பேரத்தில்தான் உயர்த்த முடியும். அந்த மேசையில் ஓவியருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். 1961இல் ஓயிசுமியின் ஓவியர்கள் கேட்டதும் அதைத்தான்.