முதல் எழுத்து யாருக்கு?

தாம்பாளத்திலே பச்சரிசி. அதன் முன்னே புத்தாடை அணிந்த பாலகன். பக்கத்திலே ஆசிரியரோ பாட்டனாரோ அமர்ந்து, பிஞ்சு விரலைப் பிடித்து, அரிசியிலே முதல் எழுத்தை எழுத வைக்கிறார். தாய் மகிழ்கிறாள். தந்தை பூரிக்கிறான். குழந்தையோ, இரண்டு அரிசி மணியை எடுத்து வாயிலே போட்டுக்கொண்டு, இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று மலங்க மலங்க விழிக்கிறது. விசயதசமி நாளிலே ஏடு தொடங்குகிறார்கள்!

இந்த மகிழ்ச்சியைக் கண்டு முகம் சுளிப்பவர்களல்லர் நாம். மனிதன் ஆக்கிய கருவிகளிலே மாபெரும் கருவி எழுத்து. அதனை ஒரு குழந்தையின் கையிலே ஒப்படைக்கும் நாள், விழா நாளாகத்தானே இருக்க வேண்டும்! நாம் கேட்பது வேறு. இந்த விழா எந்தெந்த வீட்டிலே நடந்தது? எந்தெந்தத் தெருவிலே நடக்கவே இல்லை? அரிசித் தட்டின் முன்னே அமர்ந்தது யாருடைய பிள்ளை? அந்த அரிசியை விளைவித்தவனுடைய பிள்ளை அப்போது எங்கே இருந்தது? விழாவின் அழகைப் பாடுவோர் பலர். விழாவின் வரலாற்றைப் படிப்போர் சிலரே. அந்தச் சிலரிலே நாமும் சேர்ந்துகொள்வோம்.

1822ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகள் எத்தனை, பயில்வோர் எத்தனை பேர் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். அந்நாளிலே பெல்லாரி மாவட்டமும் இம்மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் கலெக்டர் காம்பெல், 1823 ஆகஸ்டு மாதத்தில் அனுப்பிய அறிக்கையிலே, எண்ணிக்கையோடு நிற்கவில்லை. குழந்தை பள்ளியிலே சேரும் நாளையும் எழுதி வைத்தார்.

ஐந்து வயது நிறைந்ததும், ஆசிரியரையும் அவரிடம் பயிலும் பிள்ளைகளையும் பெற்றோர் வீட்டுக்கு அழைப்பர். பிள்ளையாரின் உருவத்தைச் சுற்றி எல்லோரும் வட்டமாக அமர்வர். நேர் எதிரே குழந்தை. ஆசிரியர் தூபமிட்டு, படையல் வைத்து, அறிவைத் தா என்று குழந்தையை வேண்டச் சொல்வார். பிறகு விரலைப் பிடித்து, அரிசியிலே கடவுளின் பெயரை எழுத வைப்பார். வீட்டாரின் வசதிக்கேற்ற அன்பளிப்போடு திரும்புவார். மறுநாள் காலை படிப்பு ஆரம்பம்.

அந்த மறுநாள் காலை எப்படி இருந்தது? அதையும் காம்பெல் மறைக்கவில்லை. பள்ளிக்கு முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிலே 'சரசுவதி' என்று எழுதுவார்கள்; அது பாராட்டு. இரண்டாவதாக வந்தவன் கையிலே சுழி, புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பின்னே வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்! முதல் நாள் படையலும் பாட்டும். மறுநாள் முதல் பிரம்பும் பயமும். பிள்ளையை ஒரு நாள் கொண்டாடிவிட்டு, ஆண்டு முழுவதும் அடித்தது அந்தக் காலம்.

எண்ணிக்கை என்ன கூறுகிறது? 1826ஆம் ஆண்டு மன்றோ தொகுத்துக் கூறினார்: மாகாணத்திலே 12,498 பள்ளிகள், பயில்வோர் 1 லட்சத்து 88 ஆயிரத்துக்கு மேல், மக்கள் தொகையோ ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். அதாவது, 67 பேருக்கு ஒருவர் பள்ளியிலே! வீட்டிலே பயில்வோரையும் சேர்த்தால், பள்ளி வயதுடைய ஆண் பிள்ளைகளிலே மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெறுவர் என்று அவர் மதிப்பிட்டார். ஆண் பிள்ளைகளிலே! பெண்ணைப் பற்றிய கணக்கு அதற்குள் அடங்கவில்லை. பெல்லாரியின் 533 பள்ளிகளிலே பயின்றோர் 6,641 பேர். அவர்களிலே பெண்கள் 60 பேர். ஏறத்தாழ ஒன்பது பள்ளிகளிலே தேடினால்தான் ஒரே ஒரு சிறுமியைக் காண முடியும்! அந்தப் பள்ளிகளில்தான் கையிலே சரசுவதியின் பெயரை எழுதினார்கள். கல்விக்குத் தெய்வமாகப் பெண். கற்பதற்குப் பெண் ஆகாது. இந்த முரண்பாட்டைக் கண்டு அந்த அரிசித் தட்டு நாணவில்லை. நாணியிருக்க வேண்டியவர் மனிதர்.

வரலாற்றைச் சொல்லும்போது நமக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கொள்வது பகுத்தறிவாகாது. அந்தக் கணக்கிலே, தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளில் பயின்றோரில் 'சூத்திரர்' எனக் குறிக்கப்பட்ட பிள்ளைகளே பெரும்பான்மையர். ஆனால், அவர்கள் கற்றது எண்ணும் எழுத்தும் நீதி நூலும். வேதப் பாடசாலையின் வாசல் வேறு, திண்ணைப் பள்ளியின் படி வேறு. சேரிப் பிள்ளைக்கோ, பெரும்பாலும் இரண்டுமே எட்டாத இடம். வறுமையும் வாசலை அடைத்தது. சீமைத் துணி வந்து குவிந்து, உள்ளூர் நெசவு நலிந்து, பிள்ளையின் கைகால் சிறிது வலுத்ததும் வேலைக்கு அனுப்ப வேண்டிய நிலைக்குக் குடும்பங்கள் தள்ளப்பட்டன என்பதையும் அந்தக் கலெக்டரே எழுதினார். சாதி ஒரு தாழ்ப்பாள்; வறுமை மற்றொரு தாழ்ப்பாள். ஏடு தொடங்கும் திருநாள் இந்த இரண்டு தாழ்ப்பாளுக்கும் உள்ளே நடந்த திருநாள்!

பிள்ளைகளுக்குப் பிரியமான மற்றொன்று விடுமுறை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஞாயிறு விடுமுறை ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது. அதற்கு முன்பு அமாவாசை, பௌர்ணமி, அட்டமி எனத் திதி பார்த்துப் பாடத்தை நிறுத்தினர். ஏன் நிறுத்த வேண்டும்? பிள்ளை விளையாடட்டும், களைப்பு நீங்கட்டும் என்றா? மனு நூலின் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள், காரணம் தெரியும். அமாவாசையில் ஓதினால் ஆசிரியனுக்குக் கேடு. சதுர்த்தசியில் ஓதினால் மாணாக்கனுக்குக் கேடு. அட்டமியிலும் பௌர்ணமியிலும் ஓதினால் வேதத்துக்கே கேடு! அதே அத்தியாயம் மற்றொரு விதியும் வகுக்கிறது: சூத்திரன் அருகே இருக்கும்போது வேதம் ஓதக்கூடாது. ஊரிலே பிணம் கிடந்தால் ஓதாதே, அழுகுரல் கேட்டால் ஓதாதே என்று அடுக்கிய அந்தப் பட்டியலிலேயே உழைப்பவனுக்கும் ஓர் இடம்! சாவு வந்தால் விடுமுறை. சூத்திரன் வந்தாலும் விடுமுறை. இப்படியொரு விடுமுறைப் பட்டியல் வேறெந்த நாட்டுக்கு வாய்க்கும்?

இந்த வாசலை வெளியிலிருந்து தட்டியவர்களின் வரலாறுதான் பள்ளித் திருநாளின் உண்மையான வரலாறு. 1848ஆம் ஆண்டு புனே நகரிலே சோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். கற்பிக்கச் சென்ற சாவித்திரிபாயின்மீது சாணியையும் சேற்றையும் எறிந்தார்கள். மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார் அந்த வீராங்கனை. பள்ளியின் முதல் நாளுக்கு அங்கே தூவப்பட்ட அட்சதை அது!

தெற்கே திருவிதாங்கூரிலே அய்யன்காளி. தாம் எழுத்தறியாதவர், ஆனால் தம் மக்களின் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டும் என்பதற்காகவே போராடியவர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலிலே இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்திக் காட்டியவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அரசின் அனுமதி கையில் இருந்தும் பள்ளிகள் கதவடைத்தன. பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு ஊருட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார் அவர். விளைவு? பள்ளிக்கே தீ வைத்தார்கள்! ஒரு சிறுமி அமர்ந்த பெஞ்சு தீட்டாகிவிட்டதாம், கரியாவது மேலாம்! நெருப்பிலே எஞ்சிய பெஞ்சு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. எத்தனையோ வீடுகளிலே மஞ்சள் தடவிய ஓலை பத்திரமாக இருக்கிறது. பஞ்சமியின் முதல் நாளுக்கு நினைவுச் சின்னம், கருகிய பலகை! 1937ஆம் ஆண்டு காந்தியார் வெங்கானூர் வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை, பொன் அல்ல, பொருள் அல்ல: தாம் கண்மூடுமுன் தம் மக்களிலே பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைக் காண வேண்டும் என்பதே.

வாசல் திறந்தால் மட்டும் போதுமா? பசித்த வயிறு பள்ளிப் படி ஏறுமா? 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகல் சிற்றுண்டி வழங்கத் துணிந்தது. தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! அந்த ஓரணா, ஆயிரம் படையலுக்கு ஈடு.

பிறகு 1953ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார் ஒரு 'விடுமுறை' கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் பாதியாம். எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டுமாம். விடுமுறை என்றால் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகள் அறியமாட்டார்கள், அது எத்தகைய விடுமுறை என்பதை! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது, எதிர்த்தது, 1954ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது. 1956இலே அவரது மதிய உணவு, 1982இலே எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இலே கலைஞர் சத்துணவோடு சேர்த்த முட்டை, 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளிலே மதுரையில் தொடங்கிய காலை உணவு. 2024 சூலை 15 அன்று அந்தக் காலை உணவு ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. அந்த நாள் காமராசர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாளாக அதனைப் பள்ளிகளிலே கொண்டாட 2006ஆம் ஆண்டு வழி செய்யப்பட்டிருந்தது. ஒரு தலைவரின் பிறந்த நாளைக் கொண்டாடுவது எப்படி? சிலைக்கு மாலை என்பது ஒரு வழி. சின்னஞ்சிறுசுக்குச் சோறு என்பது மற்றொரு வழி. எது விழா என்று பிள்ளையைக் கேளுங்கள், சொல்லும்!

பலன் இல்லாமலா போயிற்று? 1901ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியப் பெண்களிலே எழுத்தறிந்தோர் 100க்கு ஒருவர்கூட இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கிலே தமிழ்நாட்டுப் பெண்களிலே எழுத்தறிந்தோர் 100க்கு 73க்கு மேல். இந்த ஏற்றம் நாள் நட்சத்திரம் பார்த்து வந்ததல்ல. கதவைத் தட்டியவர்களும் அடுப்பை மூட்டியவர்களும் தந்தது.

ஆனால் தோழர்களே, பழைய தாழ்ப்பாள் கழன்றதும் புதிய தாழ்ப்பாள் செய்யக் கொல்லன் காத்திருக்கிறான். மழலையர் பள்ளிகளிலே இன்று பட்டமளிப்பு விழா! ஐந்து வயதுக் குழந்தைக்குக் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, புகைப்படம், எல்லாவற்றுக்கும் கட்டணம். பிறந்த நாளன்று வண்ண உடை, வகுப்புக்கெல்லாம் மிட்டாய். வாங்கித் தர வழியுள்ள வீட்டுப் பிள்ளை நடுவிலே நிற்கிறது. வழியில்லாத வீட்டுப் பிள்ளை, தன் பிறந்த நாளை யாரிடமும் சொல்லாமல் கடைசி வரிசையிலே உட்கார்ந்திருக்கிறது. மந்திரம் மறைந்தது, உண்மை. ஆனால் மிட்டாய்ப் பெட்டி அந்த இடத்திலே வந்து உட்கார்ந்துகொண்டதே! தெய்வத்தின் பெயரால் பிரித்தாலென்ன, பணத்தின் பெயரால் பிரித்தாலென்ன, பிஞ்சு நெஞ்சிலே விழும் கீறல் ஒன்றுதானே?

ஆகவே, பள்ளி விழாவை அளக்க நமக்கு ஒரு கோல் வேண்டும். தோரணம் எத்தனை முழம் என்பதல்ல அந்தக் கோல். வெளியே நிற்கும் பிள்ளை எத்தனை என்பதே கோல். ஒவ்வொருவரும் ஒரு பிடி அவலோ ஒரு கடலை மிட்டாயோ சமமாகப் பெற, அந்த மாதத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே நாளிலே வாழ்த்துக் கூறலாமே! அரிசித் தட்டுக்குப் பதில் வகுப்பின் கரும்பலகையிலே, முதல் நாள் வரும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு கோடு கிழிக்கட்டுமே!

திண்ணைப் பள்ளிக் காலத்திலே ஒரு வழக்கம் இருந்தது. நவராத்திரி வந்தால், பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். வீட்டார் தரும் காசு ஆசிரியருக்கு. அந்தப் பழைய வழக்கத்திலே நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: வீடு வீடாகச் செல்வது! பள்ளி திறக்கும் கோடை முடிவிலே, இளைஞர் மன்றங்கள் அப்படிப் புறப்படட்டும். காசு தண்டுவதற்கல்ல, குழந்தைகளைத் திரட்டுவதற்கு. செங்கற் சூளைக்குச் செல்லட்டும். அயல் மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் குடிசைக்குச் செல்லட்டும். நடக்க இயலாத பிள்ளை உள்ள வீட்டுக்குச் செல்லட்டும். இடையிலே படிப்பை நிறுத்திய சிறுமி தம்பியை இடுப்பிலே வைத்துக்கொண்டு நிற்கும் வாசலுக்குச் செல்லட்டும். கைப்பிடித்து அழைத்து வரட்டும். எந்தத் திதி என்று பார்க்க வேண்டாம். எந்தத் தெரு என்றும் பார்க்க வேண்டாம்.

ஊரிலே பள்ளிக்கு வராத பிள்ளை ஒன்றுமில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லும் நாள் ஏதோ, அந்த நாளே ஏடு தொடங்கும் நன்னாள். அன்று முழங்கட்டும் பறை!