இருண்ட பிரான்சும் ஒளிர்ந்த பிரான்சும்: ஒரு வரைபடம் பிறந்த கதை

1826 நவம்பர் 30. பாரிஸ் நகரத்துத் தொழிற்கலைக் கல்விக்கூடத்தில் ஷார்ல் டூப்பின் தம் வகுப்பின் தொடக்க உரையை ஆற்றினார். அவர் கப்பற்படைப் பொறியாளர், கணித அறிஞர், தொழிலாளர்களுக்கு வடிவியலும் இயந்திரவியலும் கற்பித்து வந்தவர். நாட்டின் செல்வம் நிலத்திலும் சுரங்கத்திலும் மட்டும் இல்லை, உழைப்பவரின் எழுத்தறிவிலும் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். பொருளியலார் இன்று மனித மூலதனம் என்று சொல்வதற்காகத்தான் அன்றே அவர் வாதாடினார். அதற்குச் சான்றாக ஒரு வரைபடத்தை முன்வைத்தார்.

அதன் முறை எளிது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேருக்கு ஒரு சிறுவன் தொடக்கப் பள்ளிக்குப் போகிறான் என்று கணக்கிட்டார். எண் கூடக் கூட அந்த மாவட்டத்துக்குக் கருமை கூடியது. பள்ளிகள் நிறைந்த மாவட்டம் வெளுத்துத் தெரிந்தது. மாவட்ட எல்லைக்குள் புள்ளிவிவரத்துக்கு ஏற்ப நிறம் நிரப்பும் வரைபடங்களில் இதுவே முதலாவது என்று கருதப்படுகிறது.

நிறம் நிரம்பியதும், அட்டவணையில் ஒளிந்திருந்த ஒன்று கண்ணுக்குப் பட்டது. வெளுப்பும் கருப்பும் சிதறிக் கிடக்கவில்லை. வடமேற்குக் கடற்கரையின் சேன் மாலோவிலிருந்து கிழக்கே ஜெனீவா வரை கோடு போட்டால், அதற்கு வடக்கே பெரும்பாலும் வெளிச்சம், தெற்கே பெரும்பாலும் இருள். டூப்பின் கணக்கில், வடக்கின் 1 கோடியே 30 லட்சம் மக்கள் ஏறத்தாழ 7,40,000 பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தெற்கின் 1 கோடியே 80 லட்சம் மக்கள் அனுப்பியதோ 3,75,000 அளவில்தான்.

எழுத்தறிவு பெருகினால் குற்றம் குறையும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. வழக்கறிஞர் ஆந்த்ரே மிஷேல் கெர்ரி 1829இல் புவியியலாளர் அத்ரியன் பால்பியுடன் சேர்ந்து, கல்வி வரைபடத்தையும் குற்ற வரைபடங்களையும் ஒரே தாளில் அடுக்கி வைத்தார். நம்பிக்கை நிற்கவில்லை. திருட்டு போன்ற சொத்துக் குற்றங்கள் படித்த வடக்கில்தான் மிகுதியாக இருந்தன. கருப்பு நிறத்தைக் கெட்ட மனிதர்களின் அடையாளமாகப் படிப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் டூப்பினின் கோடு அழியவில்லை. 1870களின் இறுதியில், ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி லூயி மாஜியோலோ சுமார் 16,000 ஆசிரியர்களின் உதவியோடு பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டினார். மணமகனும் மணமகளும் கையெழுத்துப் போட்டார்களா என்பதே கேள்வி. 1686 முதல் 1690 வரையிலான பதிவுகளிலேயே அதே கோடு தெரிந்தது. பள்ளிக்கூடச் சட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வட்டாரங்கள் பிரிந்திருந்தன.

பக்கத்து மாவட்டங்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன? சந்தையும் சாலையும் மொழியும் மாவட்ட எல்லையில் நிற்பதில்லை. ஆசிரியர் அக்கம்பக்கத்திலிருந்து வருகிறார். எழுதத் தெரிந்தவனுக்கு அடுத்த ஊரில் வேலை கிடைத்தால் இந்த ஊர்த் தகப்பனும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். அண்டையில் பள்ளியும் இல்லை, அதற்கேற்ற வேலையும் இல்லை என்றால் அந்த உந்துதல் பிறப்பதே இல்லை.

கண்ணால் கண்ட இந்த ஒட்டுறவை எண்ணாக்க வழி பிறந்தது 20ஆம் நூற்றாண்டில். ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பேட்ரிக் மோரன் 1950இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த அளவு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒத்தவை ஒத்தவற்றின் அருகே திரண்டிருந்தால் அது 1ஐ நெருங்கும். எந்த ஒழுங்கும் இல்லையென்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கல்வியின் வட்டார வேறுபாட்டை ஆராய்பவர்கள் இன்றும் கையில் எடுக்கும் முதல் கருவிகளில் அது ஒன்று.

1833இல் ஒவ்வோர் ஊராட்சியும் ஆண்பிள்ளைகளுக்கான தொடக்கப் பள்ளியைப் பேண வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் இயற்றியது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமும் ஆக்கின. நாடு முழுவதற்கும் பொதுவான அந்த ஏற்பாட்டின்கீழ் தெற்கும் வடக்கை எட்டிப் பிடித்தது. பின்தங்கிய மாவட்டத்தைத் தனியே நிறுத்திக் குறை சொல்வது எளிது. அதன் அண்டை மாவட்டங்களையும் சேர்த்துத் தூக்கிவிடுவதுதான் பலன் தரும். ஒரு பிள்ளை கோட்டின் எந்தப் பக்கத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் படிப்பு அமையும்வரை, அந்தக் கடமை அரசை விட்டு நீங்காது.