லட்சுமி காசும் நினைவு நாணயமும்: ஒரு சொற்குறிப்பு

1894இல் பம்பாய் கிர்காமில் இரவிவர்மா நிறுவிய கல்லச்சகம், அரண்மனைச் சுவர்களுக்குரிய ஓவியங்களை வண்ணப் படிகளாக்கி எளியோர் இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. தாமரைமீது நிற்கும் திருமகள் அவற்றுள் ஒன்று. அச்சாயலில் உருவம் பொறித்த பொன், வெள்ளி வில்லைகள் இன்று தீபாவளியையொட்டி மாதுங்கா, செம்பூர் நகைக்கடைகளில் விலையாகின்றன. வீட்டுப் பேச்சில் இவை 'லட்சுமி காசு'; விளம்பரத் தமிழிலோ 'நாணயம்'.

மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஆகாது. லூவர் அருங்காட்சியகத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி 1993இல் பிரான்சு மோனா லிசாவைப் பொறித்து வெளியிட்டவை, பிராங்கு மதிப்புக் குறித்த நாணயங்கள். இந்திய நாணயச் சட்டமும் (2011) நினைவு நாணயம் அரசால் பொறிக்கப்பட்டதாகவும் இந்தியப் பணமதிப்பில் குறிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. கடை வில்லைக்கு இவ்விரண்டும் இல்லை. அதனை 'நினைவு நாணயம்' எனப் பெயர்த்தால், வாங்குவோர் அரசின் உறுதி அதற்கு உண்டென நம்பிவிடக்கூடும்.

'காசு' இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பொன் நாணயம், காசுமாலையில் அணியுறுப்பு, இன்றைய வழக்கில் பணம். பொருள்வரையறை தளர்ந்த சொல்லெனக் கலைச்சொல்லாளர் இதனை ஒதுக்குவர். இங்கு அத்தளர்ச்சியே வேண்டப்படுகிறது. 'பதக்கம்' பொருந்தாது, அது பரிசாகப் பெறுவது, அல்லது மாலையில் தொங்குவது.