அறிவிக்கப்பட்டும் நிறைவேறாத தேர்தல்கள்: மதுரை வட்டார ஊராட்சிகளும் ஆட்சியதிகாரப் படிநிலைகளும் (1996–2006)

ஆய்வுச்சுருக்கம்

இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து, 1996இல் மதுரை வட்டார ஊராட்சிகள் சிலவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மேலவளவில் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி முதலிய ஊர்களில் பத்தாண்டுகள் அப்பதவி செயற்படவே இல்லை. இந்நிகழ்வுகளை ஊர், மாவட்டம், மாநிலம், ஒன்றியம், ஐக்கிய நாடுகள் அவை என்னும் படிநிலைகளில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமை மேல்நிலைகளில் மேலும் மேலும் துல்லியமாக எழுதப்பட்டபோதும், அதனை நடைமுறைப்படுத்தும் ஆற்றல் மாநில, மாவட்ட நிலைகளிலேயே இருந்தது என்பதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஊராட்சி, ஒதுக்கீடு, மேலவளவு, பாப்பாபட்டி, உள்ளாட்சித் தேர்தல், இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை

பதவியும் தலைமையும்

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, சிற்றூராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவரின் கையொப்பமும் காசோலையில் இடம்பெற வேண்டும். ஒதுக்கீடு தலைவர் பதவிக்கு உண்டு. துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. எனவே ஒதுக்கீட்டால் வந்த தலைவரின் கையைக் கட்டிப்போட, எண்ணிக்கையில் மிகுந்த சாதியினர்க்குத் துணைத்தலைவரின் கையொப்பம் ஒன்றே போதுமானதாக இருந்தது. சட்டம் வகுத்தவர்கள் இதனை நிதிப் பாதுகாப்பாகக் கருதியிருக்கலாம். ஊரில் அது வேறு வகையாகப் பயன்பட்டது.

நேரடித் தேர்தலுக்கும் இத்தகைய இரட்டைத்தன்மை உண்டு. அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு, தலைவர் பதவிகளை மாநிலம் முழுமைக்குமான மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்கச் சொல்கிறது. அப்பதவிகள் சுழற்சி முறையில் ஊராட்சிகளுக்குப் பகிரப்படுகின்றன. ஆகவே, தலித் மக்கள் சிறுபான்மையாக உள்ள ஊரிலும் தலித் ஒருவரே தலைவராக வேண்டிய நிலை எழும். போட்டியிடும் உரிமை அவர்களுக்கு மட்டும் உரியது. வாக்களிக்கும் உரிமையோ அனைவர்க்கும் உரியது. யார் வெல்ல வேண்டும், வென்றவர் எத்தனை நாள் பதவியில் இருக்க வேண்டும் என்பதை ஊரின் பெரும்பான்மை முடிவுசெய்ய இது இடமளித்தது.

ஆனால் எதிர்ப்பின் ஆழத்தை வாக்குக் கணக்கால் மட்டும் விளக்க இயலாது. சட்டம் ஊராட்சித் தலைவரை ஓர் அலுவலராகக் கண்டது. ஊர் அவரை ஊர்த்தலைவராகக் கண்டது. கண்மாய் மீன்பாசி ஏலம், புறம்போக்கு மரங்கள், குடிநீர்க் குழாய் செல்லும் தெரு ஆகியவற்றின் மீதான முடிவுகள் ஒருபுறம். கோயில் திருவிழாவின் முதல்மரியாதை மறுபுறம். இவ்விரண்டும் ஒரே குடியினரிடம் இருந்துவந்த ஊர்களில், முதலாவதை விட்டுக்கொடுத்தால் இரண்டாவதும் கைநழுவும் என்னும் அச்சம் நிலவியது. லூயி துய்மோன் 1949–50இல் மதுரைக்கு மேற்கே களப்பணி செய்து, பிரமலைக் கள்ளர் குறித்து 1957இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்னும் அமைப்பை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. பாப்பாபட்டி அந்த எட்டு நாடுகளில் ஒன்று. எனவே அங்கு 1996இல் வந்துசேர்ந்த ஊராட்சி வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. அது ஏற்கெனவே தலைமையும் எல்லையும் முறைமையும் கொண்ட ஓர் அமைப்பின்மேல் வைக்கப்பட்டது.

அந்த அமைப்பு அரசை அறிந்திருந்த விதமும் கருதத்தக்கது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டம் இப்பகுதியில் ரேகைச் சட்டம் என்றே வழங்கப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்படும்வரை, இவ்வூர்களுக்கு அரசு என்பது பெரும்பாலும் காவல் நிலையமாகவே இருந்தது. வெளியிலிருந்து வரும் ஆணையை ஊரின் தன்மானத்தின் மீதான தாக்குதலாகக் காணும் மனப்பாங்குக்கு இவ்வரலாற்றில் ஒரு வேர் உண்டு. எனினும் ரேகை எடுத்தவர்கள் அதே ஊரின் தலித் மக்கள் அல்லர். 1996க்குப்பின் அந்தச் சினத்தின் சுமையை அவர்கள் தாங்கவேண்டி வந்ததை அவ்வேரைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

தமிழ்நாட்டு உள்ளாட்சி பற்றிய கட்டுரைகள் உத்திரமேரூர்க் குடவோலையில் தொடங்குவது வழக்கம். பாண்டிநாட்டுக்கு மானூர்க் கல்வெட்டு காட்டப்படுவதுண்டு. அவ்விரண்டும் பிராமணர் சபைகளைப் பற்றியவை. நிலவுடைமையும் வேதக் கல்வியும் உறுப்பினர் தகுதிகளாக அவற்றில் விதிக்கப்பட்டுள்ளன. யார் சபையில் அமரலாகாது என்பதையும் ஊராட்சி மரபு வரையறுத்தே வந்தது என்பதற்கு அவை நல்ல சான்றுகள். அதற்கு மேல் 1996ஐப் புரிந்துகொள்ள அவை உதவுவதில்லை.

மேலவளவு

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் உள்ளது மேலவளவு. 1996 அக்டோபரில் நடைபெறவேண்டிய தலைவர் தேர்தலில் வேட்புமனு அளித்தோர் மிரட்டப்பட்டு விலகினர், தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, தேர்தல் தள்ளிப்போனது. பின்னர்ப் பலத்த காவலுடன் நடத்தப்பட்ட தேர்தலில் முருகேசன் வென்றார். வென்றபின்னும் அவரால் ஊராட்சி அலுவலகத்தில் இயல்பாகப் பணியாற்ற முடியவில்லை.

1997 சூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு தொடர்பாக மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், முருகேசனும் துணைத்தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இப்பயணத்தின் நோக்கம் இக்கட்டுரைக்கு முதன்மையானது. ஊராட்சித் தலைவர் ஒருவர், தம் ஊர் மக்களுக்கு அரசு தரவேண்டியதைக் கேட்டு அடுத்த நிலை ஆட்சி அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறார். பதவியின் கடமையைச் செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவர் கொல்லப்பட்டார். காசோலையில் கையொப்பமிட வேண்டிய இருவரும் அன்று ஒருசேர மறைந்தனர்.

சேலத்தில் நடைபெற்ற வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தன. தண்டனை பெற்றவர்களுள் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மேலவளவில் உள்ள ‘விடுதலைக் களம்’ நினைவிடத்தில் ஆண்டுதோறும் சூன் 30 நினைவுகூரப்படுகிறது.

மனுவும் பதவி விலகலும்

உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் நிகழ்ந்தது வேறு. மேலவளவின் கொலைக்குப்பின் அவ்வூர்களில் வெளிப்படையான வன்முறை தேவைப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம் மீண்டும் மீண்டும் தேர்தலை அறிவித்தது. சிலபோது எவரும் மனு அளிக்கவில்லை. சிலபோது ஊர்ப் பெரும்பான்மையினர் தாமே நிறுத்திய தலித் ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகினார். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் தொடர்ந்து போராடின, தலையீடுகள் பயனளிக்கவில்லை.

இங்குச் சட்டம் எங்கே மீறப்பட்டது என்று கேட்டால் விடை எளிதன்று. மனு அளிக்காதிருப்பது குற்றமன்று. பதவி விலகுவது உறுப்பினரின் உரிமை. அறிவிக்கை வெளியிடுவதுடன் ஆணையத்தின் கடமை முடிந்ததாகக் கோப்பில் எழுதலாம். ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும், கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் 243-உ பிரிவு கூறுகிறது. மனுவே வராத தேர்தலைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. ஒவ்வொரு நடைமுறையும் முறைப்படி நிறைவேறி, ஒவ்வொன்றின் முடிவும் வெறுமையாக அமைந்தது. தேர்தல் மறுக்கப்பட்ட ஊர்களாக அன்றி, தேர்தல் ‘நடத்தப்பட்ட’ ஊர்களாகவே அவை பதிவேடுகளில் இடம்பெற்றன. மாவட்ட நிருவாகம் இதனைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக அணுகியபோது, மோதல் இல்லாத நாள் வெற்றிகரமான நாளாகக் கணக்கிடப்பட்டது. பதவி காலியாக இருப்பதே அமைதிக்கு உகந்தது என்னும் முடிவுக்கு இவ்வணுகுமுறை எளிதில் இட்டுச்செல்லும்.

ஜெனிவாவில் ஒரு சொல்

இதே பத்தாண்டுகளில் இச்சிக்கல் வேறொரு தளத்துக்கும் சென்றது. 1965இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை நிறைவேற்றிய, அனைத்து வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையின் முதற்பிரிவு, பாகுபாட்டின் அடிப்படைகளாக இனம், நிறம், தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றுடன் ‘வழித்தோன்றல்’ என்பதையும் குறிப்பிடுகிறது. வரைவு விவாதத்தில் அச்சொல்லைச் சேர்க்குமாறு முன்மொழிந்தது இந்தியாவே. 1968 திசம்பரில் இந்தியா உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. அதன் ஐந்தாம் பிரிவு வாக்களிக்கும் உரிமையையும் தேர்தலில் நிற்கும் உரிமையையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மேலவளவில் மறுக்கப்பட்டது இவற்றுள் இரண்டாவது.

1996 ஆகஸ்டில் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த உடன்படிக்கைக் குழு, வழித்தோன்றல் என்னும் சொல் இனத்தை மட்டும் சுட்டுவதன்று, சாதியும் அதன் வரம்புக்குள் அடங்கும் என்று கருத்துரைத்தது. சாதி இனமன்று, ஆகவே உடன்படிக்கை அதற்குப் பொருந்தாது என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. குழு ஆராய்ந்துகொண்டிருந்த மாதத்தை அடுத்த இலையுதிர்ப் பருவத்தில்தான் மேலவளவின் வேட்பாளர்கள் விலகவேண்டி வந்தது. 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு தலித் மக்கள் மீதான வன்முறை பற்றி வெளியிட்ட அறிக்கையில் மேலவளவுக் கொலை இடம்பெற்றது. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடைபெற்ற இனவெறி எதிர்ப்பு உலக மாநாட்டில், இந்தியாவின் எதிர்ப்பால் சாதி என்னும் சொல் இறுதி ஆவணத்தில் இடம்பெறவில்லை. மறு ஆண்டு குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் வழித்தோன்றல் சார்ந்த பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என உறுதிசெய்தது.

2007இல் இந்தியா குறித்த முடிவுரைகளில், தலித் வேட்பாளர்கள், குறிப்பாகப் பெண்கள், தேர்தலில் நிற்பதினின்று வலிந்து தடுக்கப்படுவதையும், வென்றால் பதவி விலகக் கட்டாயப்படுத்தப்படுவதையும் குழு கவலையுடன் சுட்டியது. பாப்பாபட்டியின் பத்தாண்டு அனுபவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. எனினும் அவ்வரி எழுதப்பட்டபோது அந்த நான்கு ஊர்களில் தலைவர்கள் பதவியேற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளூர் ஆவணங்கள் ‘மனு பெறப்படவில்லை’ என்று மட்டும் எழுதிய ஒன்றை, கட்டாயம் என்று பெயரிட ஜெனிவாவால் முடிந்தது. வாக்குச்சாவடியைத் திறக்கும் சாவி அதனிடம் இல்லை. இதனைக் குழுவின் பயனின்மையாகக் கருதுவது பொருந்தாது. பெயரிடுதல் அதன் பணி. பெயரைக் கேட்டுச் செயற்படவேண்டிய ஒன்றிய அரசு, அந்தப் பெயர் தனக்குப் பொருந்துமா என்னும் வாதத்திலேயே அக்காலத்தைச் செலவிட்டது.

2006 அக்டோபர்

2006 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு ஊராட்சிகளிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நீடித்தனர். இதற்கென அரசியலமைப்பு திருத்தப்படவில்லை. அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம், அதே தேர்தல் ஆணையம், அதே ஒதுக்கீடு. மாறியவை இரண்டு. அவ்வாண்டு மே மாதம் பொறுப்பேற்ற மாநில அரசு, இத்தேர்தல்கள் நடந்தாக வேண்டும் என்பதைத் தன் அரசியல் பொறுப்பாக ஏற்றது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர்ப் பெரியவர்களுடனும் தலித் குடியிருப்பினருடனும் தொடர்ந்து பேச்சு நடத்தினார். காவல்துறையின் அளவை மட்டும் கூட்டுவதற்கு மாறாக, பதவி யாருக்குரியது என்னும் கேள்வியையே ஊரில் பேசுபொருளாக்கியது இம்முறையின் வேறுபாடு.

நவம்பரில் சென்னையில் நடந்த சமத்துவப் பெருவிழாவில் நான்கு தலைவர்களும் முதலமைச்சர் மு. கருணாநிதி முன்னிலையில் பாராட்டப்பட்டனர். அவ்விழாவில் முதலமைச்சருக்குச் ‘சமத்துவப் பெரியார்’ என்னும் பட்டத்தை விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வழங்கியது. விழாவின் அரசியல் பயனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரசு முனைந்தபோது சில மாதங்களில் இயன்ற ஒன்று, அதற்குமுன் பத்தாண்டுகள் இரு கட்சி ஆட்சிகளிலும் ஏன் இயலவில்லை? 1996 முதல் 2001 வரை ஆண்டதும் 2006இல் விழா எடுத்த அதே கட்சியே. மதுரைக்கு மேற்கும் கிழக்கும் உள்ள சட்டமன்றத் தொகுதிகளில் எண்ணிக்கை மிகுந்த சாதியினரின் வாக்கு எந்தக் கட்சிக்கும் தேவைப்பட்டது என்பது விடையின் ஒரு பகுதி. மாநில மக்களாட்சியின் தேர்தல் கணக்கே ஊர் மக்களாட்சிக்குத் தடையாக நின்றிருக்கிறது. மக்களாட்சி நிலைகளை ஒன்றையொன்று தாங்கும் படிகளாகக் காணும் கோட்பாடுகள் இந்த முரணுக்கு இடம் தருவதில்லை.

2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடைபெற்ற கிராமசபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள அச்சபையில் ஊர் மக்கள் தம் கோரிக்கைகளை அவர்முன் வைத்தனர்.