சிங்கி இறாலின் அசைவும் உள்நிலையும்

ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் கிரேபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறால், மேனாட்டார்க்கு உணவு, உயிர்நூலார்க்கோ ஆசான். ஓர் உயிர் தன் உறுப்பை அசைப்பது பொறி இயங்குவதைப் போன்றதா, அன்றி அதன் உள்நிலையைப் பொறுத்ததா என்னும் வழக்கில் இச்சிற்றுயிர் பலமுறை சான்று கூறியுள்ளது.

ஆங்கில அறிஞர் ஹக்ஸ்லி 1874இல் பெல்பாஸ்ட் நகரில் பேசியபோது, விலங்குகளை உணர்வுடைய பொறிகளாகக் கருதலாம் என்றார். 1880இல் கிரேபிஷைப் பற்றித் தனி நூலே இயற்றினார். அதற்கு உணர்வு உண்டா என்னும் வினாவிற்கு உறுதியான விடை காண இயலாது என்பது அந்நூலில் அவர் கொண்ட கருத்து.

பின்வந்தோர் நரம்பையே தொட்டுப் பார்த்தனர். கலிபோர்னியாவில் பணியாற்றிய வியர்ஸ்மா, அதன் நரம்புவடத்தில் ஓடும் நான்கு பேரிழைகளை ஆராய்ந்து 1938இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் ஒரேயொரு துடிப்பு ஓடினாலும், இறால் வாலை மடக்கி உதறித் தாவும் என்பது தெரிந்தது. வயிற்றின் அடியிலுள்ள நீந்துகால்கள் பின்னிருந்து முன்னாக அலைபோல் அசைவன. அவ்வசைவைத் தொடங்கிவைக்கும் தனி நரம்புகளை 1964இல் அவரும் இக்கேடாவும் கண்டு, ஆணை நரம்புகள் என்றனர். பொறிக் கொள்கை வென்றதாகவே தோன்றியது.

ஆயினும், ஒரே தீண்டல் எப்போதும் ஒரே அசைவை எழுப்புவதில்லை. இரை தின்னும் இறாலை எளிதில் தாவச்செய்ய முடிவதில்லை என்று கிராஸ்னேயும் லீயும் 1988இல் காட்டினர். செரோடோனின் என்னும் நரம்புப் பொருள், சண்டையில் வென்ற இறாலின் தப்பும் நரம்பைத் தூண்டுகிறது. தோற்றுப் பணிந்ததன் நரம்பையோ அடக்குகிறது. இது 1996இல் வெளிவந்த உண்மை. பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர் 2014இல் மேலும் ஒன்று கண்டனர். மின்னதிர்ச்சியால் அலைக்கழிக்கப்பட்ட இறால்கள் ஒளியுள்ள பாதைகளைத் தவிர்த்து இருளில் ஒதுங்கின. மனிதரின் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைச் செலுத்தியதும் அவை மீண்டும் ஒளியை நாடின.

ஆணை நரம்பு பொய்யன்று. ஆனால் அந்த ஆணை பிறக்குமா என்பதைப் பசியும் தோல்வியும் கலக்கமும் தீர்மானிக்கின்றன. அக்கலக்கத்தை இறால் உணர்கின்றதா? அங்கே ஹக்ஸ்லியின் வினா இன்னும் நிற்கின்றது. எனினும் அதனை வெறும் பொறியென்று ஒதுக்குவது இனி எளிதன்று.