கறுப்பு வட்டம் பிறந்த கதை

நீட் தேர்வு முடிந்து வந்த அக்கா மகளிடம், "எல்லாத்தையும் ஷேட் பண்ணிட்டியா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. எழுதுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? 180 கேள்வி, 180 வட்டம், 180 நிமிடம். கறுப்பு மை வட்டத்துக்குள் நிரம்ப வேண்டும், வெளியே வழியக்கூடாது. ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் இப்படி உட்கார்ந்து வட்டம் நிரப்புகிறார்கள்.

இந்த வட்டத்தின் கதையைத் தேடிப் போனால் வாத்தியார்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் வாத்தியார் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பணியாற்றியவர், ஃபிரடெரிக் கெல்லி. ஒரே விடைத்தாளை நாலு ஆசிரியர்களிடம் கொடுத்தால் நாலு விதமாக மார்க் போடுகிறார்களே என்பது அவர் கவலை. அதைப் பற்றியே 1914இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். ஆசிரியரின் மனநிலைக்கு இடமே தராத கேள்வி வேண்டும் என்று யோசித்து, அடுத்த ஆண்டு ஒரு வாசிப்புத் தேர்வைத் தயாரித்தார். பசு, புலி, எலி, ஓநாய் – பண்ணைக்கு உதவும் விலங்கைச் சுற்றிக் கோடு போடு. இந்த மாதிரிக் கேள்விதான் அதில் இருந்தது. இரண்டே வருடத்தில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேரை இந்த வகைக் கேள்விகளால் சலித்தது. ஆனால் திருத்துவது மட்டும் கையால்தான். துளையிட்ட அட்டையைத் தாளின் மேல் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

இரண்டாமவர்தான் எனக்குப் பிடித்தவர். ரெனால்ட் ஜான்சன், 1906இல் மினசோட்டாவில் பிறந்தவர். மிச்சிகனில் அயர்ன்வுட் என்ற இரும்புச் சுரங்க ஊரில் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர். சின்ன வயதில் மகா குறும்புக்காரர். அக்காமாரைப் பார்க்க வரும் இளைஞர்களின் காரில், ஸ்பார்க் பிளக்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பொறியாகத் தெறிக்காமல் அந்தக் கோடு வழியாகவே ஓடிவிடும். வண்டி கிளம்பாது, மாப்பிள்ளை தெருவில் நிற்பார்.

வாத்தியாரானதும் அந்தக் குறும்பு வேறு விதமாகப் பயன்பட்டது. மாணவன் விடையைப் பென்சிலால் குறித்தால், அந்தக் கோடு வழியாக மின்சாரத்தைச் செலுத்தி, எத்தனை சரி என்று முள்ளில் காட்ட முடியாதா? முடியும். ஆனால் ஒரு சிக்கல். ஒரு பிள்ளை அழுத்திக் கோடு போடும், இன்னொன்று பட்டும் படாமல் போடும். அழுத்தமான கோட்டில் மின்சாரம் அதிகம் பாயும், மெல்லிய கோட்டில் குறையும். அப்படியானால் தைரியசாலிக்குக் கூடுதல் மார்க் விழுமே!

ஜான்சன் கண்ட வழி எளிமையானது. கோட்டின் தடையைவிடப் பல மடங்கு பெரிய தடையை மின்சுற்றில் முன்கூட்டியே வைத்துவிட்டார். பத்து டன் நெல் ஏற்றிய லாரி எடைமேடையில் நிற்கும்போது டிரைவர் குண்டா ஒல்லியா என்பதை யார் பார்க்கிறார்கள்? அப்படித்தான், மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒன்றாகிவிட்டன. நியாயமான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் குருட்டாம்போக்கில் குறித்தவனும் தெரிந்து குறித்தவளும் ஒன்றானதும் அப்போதிருந்துதான். கை நடுங்கியது எந்திரத்துக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் அவ்வளவு மெனக்கெட்டார்.

இதற்கிடையில் பொருளாதார மந்தத்தில் ஜான்சனின் வாத்தியார் வேலை போயிற்று. கையில் இருந்தது அந்தக் கருவி மட்டும். ஐபிஎம் கம்பெனி முதலில் வேண்டாம் என்றது. திருத்தும் எந்திரம் ஒன்று கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் வுட் அதன் அருமையைப் புரிந்துகொண்ட பிறகுதான் கதவு திறந்தது. 1934இல் அதே ஐபிஎம்மில் எஞ்சினியராகச் சேர்ந்தார். எந்திரம் 805 என்ற எண்ணோடு விற்பனைக்கு வந்தது; கைப்பழக்கம் உள்ளவர் மணிக்கு 800 தாள் வரை திருத்தலாம். அப்போது வட்டம் கிடையாது, சின்னச் சின்னக் கோடுகள்தான். 1950களில் அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட் மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக் கொண்டுவந்தார். இன்றைய ஓஎம்ஆர் விடைத்தாள் அந்த வழியில் வந்தது. பென்சிலை எடுத்துவிட்டு, அழிக்க முடியாத பால்பாயிண்ட் பேனாவை நீட் எழுதும் பிள்ளைகள் கையில் கொடுத்தது நம் ஊர்க்காரர்களின் கைங்கரியம்.

ஜான்சன் அதோடு நிற்கவில்லை. 1952இல் கம்பெனி அவரைக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு அனுப்பி, புதிய ஆய்வுக்கூடம் தொடங்கச் சொன்னது. நாலு வருடத்தில் அங்கிருந்து வந்தது உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள், ஒரு டன் எடை, மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம்.

அக்கா மகளுக்கு இந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. ரிப்பீட் பண்ணுவதா, இயற்பியல் பி.எஸ்ஸி சேருவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய ஓஎம்ஆர் தாளின் ஸ்கேன் நகல் கணினியில் இருக்கிறது. நேற்று அதைத் திறந்து, பெரிதாக்கி, ஒரு வட்டத்தைக் காட்டினாள். "இதுல ரொம்ப நேரம் யோசிச்சேன் மாமா." பார்த்தேன். மற்ற 179ஐப் போலவேதான் கறுப்பாக இருந்தது.