கிள்ளான்

கிள்ளான், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளான் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் அரச நகரம். கோலாலம்பூருக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கோலாலம்பூரின் நடுவே ஓடிவரும் அதே ஆறுதான் கிள்ளானைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தலைநகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்துக் 'கிள்ளான் பள்ளத்தாக்கு' என்கிறோம். நாட்டின் தலைநகரே இந்த ஊரின் பெயரால் அமைந்த பள்ளத்தாக்குக்குள்தான் அடங்கியிருக்கிறது. 2024 பிப்ரவரி 5 அன்று கிள்ளான் மாநகராக உயர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கிள்ளான் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் இந்தியர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

ஊர்ப்பெயரின் மூலம் பற்றிப் பல கருத்துகள் உண்டு. நீர்வழியைக் குறிக்கும் மொன்-கெமர் சொல் என்பர் சிலர். கிடங்கைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல்லான 'கிலாங்' என்பர் வேறு சிலர். இரண்டுமே இவ்வூருக்குப் பொருந்தும். இது ஆற்றினாலும் கிடங்கினாலும் பிழைத்த ஊர்.

ஈயமும் போரும்

கிள்ளான் வட்டாரத்தில் மிகப் பழைய வெண்கல முரசு கிடைத்திருக்கிறது. ஆற்றுமுகத்தில் மனிதர்களின் புழக்கம் ஈராயிரம் ஆண்டுகளாவது பழமையானது என்பதற்கு அது சான்று. ஆனால் இன்றைய ஊரின் கதை ஈயத்தோடு தொடங்குகிறது. 1857இல் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லா, 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் கரையேறிய சேற்று முகத்துவாரம்தான் பின்னாளில் கோலாலம்பூர் ஆனது. வெட்டியெடுத்த ஈயத்தைச் சேர்த்துவைக்க அவர் கட்டிய கிடங்கு, கெடோங் ராஜா அப்துல்லா என்ற பெயரில் இன்றும் நிற்கிறது.

ஆற்றில் போகும் ஈயத்துக்கு யார் வரி வசூலிப்பது என்ற பூசல், 1867 முதல் 1874 வரை நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போராக வெடித்தது. கிள்ளான் போர் என்றே இதற்கு இன்னொரு பெயர். ராஜா அப்துல்லாவும் ராஜா மஹ்டியும் மோதினர். கெடா இளவரசர் தெங்கு குடின் இடையில் வந்தார். முடிவில் பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தனர். மாநிலத் தலைநகராக இருந்த கிள்ளான், 1880இல் அந்த இடத்தைக் கோலாலம்பூரிடம் இழந்தது. ஆனால் அரச குடும்பம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கே குடிவந்தது. ஆலாம் ஷா அரண்மனையும், 1930களில் எழுந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும் ஊரின் தென்கரை முகத்தை இன்றும் தீர்மானிக்கின்றன.

1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. 1890இல் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி நகருக்குள் கொண்டுவந்தார்கள். ரயில் பாதை போட்ட கூலிகளில் தமிழர் ஏராளம். நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாக அமர்ந்தார்கள். 1901 செப்டம்பரில் ஆற்றுமுகத்தில் புதிய துறைமுகம் திறந்தார்கள். ஆளுநர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1972இல்தான் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

திறந்த சில வாரங்களிலேயே மலேரியா துறைமுகத்தை முடக்கப் பார்த்தது. அதே ஆண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடியவைத்து, புதரை வெட்டி, தேங்கிய நீரை மூடச் செய்தார். காய்ச்சல் சட்டென்று இறங்கியது. கொசுவை அதன் பிறப்பிடத்திலேயே ஒழிக்கும் முறை உலக அளவில் வெற்றி கண்ட முதல் இடங்களில் கிள்ளானும் ஒன்று. ஆயினும் ஊருக்குள் இறங்கிய காய்ச்சல், ஊருக்கு வெளியே தோட்டங்களில் இன்னும் பல ஆண்டுகள் தமிழர்களைக் கொன்றுகொண்டுதான் இருந்தது.

கித்தாக் காடு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளானைச் சுற்றி இருந்தவை காப்பித் தோட்டங்கள். காப்பி விலை விழுந்ததும் துரைமார் ரப்பருக்கு மாறினார்கள். 1905க்குப் பின் ரப்பர் விலை ஏறிய வேகத்தில் புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், மிட்லண்ட்ஸ், காப்பார் வட்டாரம், தெற்கே கேரித் தீவு என்று நாலாபுறமும் ரப்பர்க் காடானது; மக்கள் வழக்கில் கித்தாக் காடு. ஆள் தேவைப்பட்டபோது தோட்ட நிர்வாகங்கள் கங்காணிகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்த பிறகும் கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்கள் வெளியேறுவதைத் தடைசெய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் இன்றைய தாத்தா பாட்டிகளின் நாவில் இன்னும் உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கைக் கடந்து, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவர்கள் பலருக்கு மலாயா மண்ணின் முதல் மணம் கிள்ளானின் உப்பங்கழிச் சேற்று மணம்தான்.

தோட்ட வாழ்க்கைக்கென்று ஒரு தனித் தமிழ் உருவானது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வரிசையில் நிற்பவர்களைத் தண்டல் பிரித்து விடுவார். பால்மரத்தை உளியால் ஒரு மெல்லிய கோடு சீவினால், பால் வழிந்து மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். மரத்தில் காய்ந்து ஒட்டியதைக் கோட்டுப்பால் என்பார்கள். மங்கில் உறைந்தது கட்டிப்பால். காண்டாக் கட்டையின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, தோள் காய்த்துப்போகப் பால் கொட்டகைக்குச் சுமந்து போவார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். குடியிருப்பு லயத்தில். தோட்டத்து எல்லையில் மாரியம்மனும் முனியாண்டியும். இன்னொரு எல்லையில் கள்ளுக்கடை. தொழிலாளியிடம் கொடுத்த கூலி நிர்வாகத்துக்கே திரும்பிப்போகும் வழியாக அந்தக் கள்ளுக்கடை இருந்தது என்பதை அன்றைய தொழிலாளர்களே நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

1941: கிள்ளான் வேலைநிறுத்தம்

மலேசியத் தமிழர் வரலாற்றில் கிள்ளானுக்கு அழியாத இடம் தந்தது இந்த நிகழ்ச்சி. பள்ளிப் பாடநூல்களில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது; அது நேர்செய்யப்பட வேண்டிய குறை.

கோலாலம்பூரில் 1924இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர் ஆர். எச். நாதன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக அவரும் ஒய். கே. மேனனும் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். போரால் ரப்பர் விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. தமிழர்கள் நாட்கூலி 60 காசு கேட்டார்கள். அதே வேலைக்குச் சீனர் பெறும் கூலியைத் தங்களுக்கும் தர வேண்டும் என்றார்கள்.

ஆனால் கோரிக்கைப் பட்டியலில் காசைவிடக் கனமான வரிகள் இருந்தன. துரையோ கிராணி என்ற எழுத்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் அதிகாரிகளும் நடத்தும் அத்துமீறல் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் வைக்கவும் கூடிப் பேசவும் உரிமை வேண்டும். சைக்கிள் கோரிக்கை இன்று சிறியதாகத் தெரியலாம். தன் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியில், தன் குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துப் போகும் ஒருவன், அந்தக் குழந்தை பார்க்க இறங்கி ஒதுங்கி நிற்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

1941 மார்ச்சில் வேலைநிறுத்தம் பரவியது. தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்தார்கள். கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். மே 5 அன்று நாதன் கைதானார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டம் தோட்டமாக மக்கள் கிள்ளானை நோக்கி நடந்தார்கள். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூட்டத்தைக் கலைக்க அனுப்பப்பட்ட படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஏழே மாதங்களில் ஜப்பானியர் வந்தனர். தோட்ட நிர்வாகங்கள் ஓடிப்போயின. ரப்பர் வாங்க ஆளில்லை. சோற்றுக்கு மரவள்ளிக் கிழங்கு. சயாம் மரண ரயில் பாதைக்காகச் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். போனவர்களில் திரும்பாதவர் பல்லாயிரம். வேறு பலர் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். இந்த இரு தடங்களையும், போருக்குப் பின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி வந்த அவசரகாலச் சிலாங்கூரையும் நாவல்களாக எழுதியவர் அ. ரெங்கசாமி. சயாம் ரயிலைப் பற்றிய 'நினைவுச்சின்னம்', அவசரகாலத்தைப் பற்றிய 'லங்காட் நதிக்கரை' இரண்டையும் படிக்காமல் இந்த வட்டாரத்தை முழுமையாக அறிந்துகொள்ள முடியாது.

தோட்டம் விட்டு நகரத்துக்கு

1957இல் சுதந்திரம் கிடைத்தபின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் கடுமையானபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் நாடெங்கும் வேலையிழந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். எந்தத் துறைமுகத்தில் பெற்றோர் இறங்கினார்களோ, அதே துறைமுகத்தில் பிள்ளைகள் பெட்டியோடு கப்பலேறிய காட்சிகளைக் கண்டவர்கள் கிள்ளானில் இருந்தார்கள்.

மிஞ்சிய ரப்பர் செம்பனையாக மாறியது. செம்பனை வீடமைப்புத் திட்டமாக மாறியது. மாநிலத்தின் புதிய தலைநகரான ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்தது. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆயிற்று. லயம் இடிபட்டபோது மாற்று வீடு எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஒரே பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் வெவ்வேறு தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். அடுத்த தலைமுறை தொழிற்சாலைக்கும் லாரிக்கும் துறைமுகத்துக்கும் போனது. அந்தத் துறைமுகம் 2023இல் 1 கோடியே 40 லட்சம் சரக்குப் பெட்டக அலகுகளைக் கையாண்டு, உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக நிற்கிறது.

ஒரு தெரு

ஜாலான் தெங்கு கிளானா தென்கரையிலுள்ள தெரு. நீளத்தில் பெரியதல்ல, ஆனால் மலேசியாவில் தமிழ் வணிகம் இவ்வளவு அடர்த்தியாகக் கூடியிருக்கும் தெருக்கள் மிகச் சில. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்து, 2010இல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்துவைத்த 'லிட்டில் இந்தியா' ஆனது. கிள்ளானின் தெரு வாடிக்கையாளர்களால் உருவானது. சம்பளம் வாங்கிய மறுநாள் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து சேலையும் வெள்ளிக் கொலுசும் மளிகையும் வாங்கிப்போன குடும்பங்களே அதை வளர்த்தன. இன்றும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடைபாதைக் கடைகள் நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும். ஜொகூரிலிருந்தும் பேராக்கிலிருந்தும் கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் உண்டு. கடைகளுக்கு நடுவே, 1928இல் கட்டப்பட்ட லூர்து மாதா கோயிலின் கூர்கோபுரம் எழுந்து நிற்கிறது. தமிழ் முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசலும் பக்கத்திலேயே இருக்கிறது.

வைணவர்களுக்குக் கிள்ளான் என்றால் சுந்தரராஜப் பெருமாள் கோயில். 1890களில் தொடங்கியது. 'தென்கிழக்காசியத் திருப்பதி' என்று பக்தர்கள் அழைக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் துளசி மாலைக்கும் அன்னதானத்துக்கும் நீளும் வரிசை வெளிச் சாலை வரை வரும். தோட்டங்களில் பெரும்பாலும் அம்மனையும் காவல் தெய்வங்களையும் கும்பிட்ட மக்கள், ஊருக்கு வந்தால் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. நகரத்தார் நிறுவிய தண்டாயுதபாணி கோயிலும் இங்கு உண்டு. ரப்பர்க் காலத்தில் செட்டியார்களின் கடன், சிறு தோட்டக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வங்கியாக இருந்தது.

சாப்பாட்டில் கிள்ளானுக்கு நாடறிந்த பெயர் வாங்கித் தந்தது சீனர்களின் பாக் குட் தே. மூலிகையிட்டுக் கொதிக்கவைத்த பன்றி எலும்புச் சாறு. துறைமுகக் கூலிகளின் காலை உணவாக வளர்ந்து, 2024இல் தேசிய மரபுணவுப் பட்டியலில் ஏறியது. தமிழர் பகுதியில் பசியாற தோசையும் ரொட்டி சானாயும். மதியம் வாழையிலைச் சோறு.

அரசியலும் பள்ளியும்

மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவராக இருந்த வீ. மாணிக்கவாசகம் 1959 முதல் கிள்ளான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2008 முதல் 2022 வரை சார்ல்ஸ் சந்தியாகோவும், அதன்பின் வீ. கணபதிராவும் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று. இந்த வட்டாரத்தின் மற்றப் பள்ளிகள் பலவும் தோட்டத்தில் பிறந்தவை. ஒரு கொட்டகையில், நான்கைந்து வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் சேர்த்து வைத்துப் பாடம் சொல்லித் தொடங்கியவை. தோட்டம் போனபின் சில மூடப்பட்டன. சில பெற்றோரின் விடாப்பிடியால் புதிய மாடிக் கட்டடங்களுக்கு மாறின. இடம் மாறினாலும் பழைய பெயரை அவை விடவில்லை. சுற்றிலும் பேரங்காடியும் ஆறுவழிச் சாலையும் வந்துவிட்ட இடத்தில், நுழைவாயில் பலகையில் இன்னும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. அதன் கீழே தமிழில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று எழுதியிருக்கிறது. காலை ஏழரை மணிக்கு அந்தப் பலகையைக் கடந்து உள்ளே போகும் பிள்ளைகளில் பலர் பால்மரத்தை நேரில் பார்த்ததில்லை.